டெமோ நாளில் ஆல்-மவுண்டன் ஸ்கீ: ஸ்கீயின் குணம் எது, டியூனிங்கின் கோளாறு எது?

டெமோ நாள் என்றால் நிறுவனங்கள் தங்கள் ஸ்கீயை, அதாவது பனிச்சறுக்குப் பலகையை, ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் நாள். ரிசார்ட்டின் அடிவாரத்தில், லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நிறுவனங்கள் வரிசையாகக் கூடாரம் போட்டிருக்கும். உங்கள் ஸ்கீ பூட்டைக் (காலணியை) காட்டினால், அதை ஸ்கீயோடு பிணைக்கும் பிடியான பைண்டிங்கைப் பொருத்திக் கொடுப்பார்கள். இரண்டு ரன் (சரிவில் ஒருமுறை இறங்குவது ஒரு ரன்) போய்வந்து அடுத்த ஜோடியை வாங்கிக்கொள்ளலாம். கடையில் கையால் வளைத்துப் பார்த்துத் தெரியாததெல்லாம் இங்கே கொஞ்ச நேரத்தில் காலுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அன்று மாலை ‘இது அருமை, அது மோசம்’ என்று எடுக்கும் முடிவில் பெரும்பங்கு ஸ்கீயைப் பற்றியதாக இருப்பதில்லை. மழுங்கிய எட்ஜ் (ஸ்கீயின் ஓரத்து உலோக விளிம்பு; அதையும் அடிப்பரப்பையும் தீட்டிச் சரிசெய்வதே டியூனிங்), காலைப் பனிக்கும் மதியப் பனிக்கும் உள்ள வித்தியாசம், கிடைத்த நீளம், ஒரு சென்டிமீட்டர் பின்னால் போய்விட்ட பைண்டிங் ஆகிய நான்கும் ஸ்கீயின் குரலில் பேசும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது டெமோ ஜோடிக்குப் பொருந்தாது. இந்த நான்கையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் ஸ்கீயின் சொந்தக் குணம்.

முதலில் அகலத்தை முடிவு செய்யுங்கள். ஆல்-மவுண்டன் (எல்லா வகைப் பனிக்கும் ஆனது) என்ற பெயரில் இடுப்பு அகலம், அதாவது ஸ்கீயின் நடுவே மிகக் குறுகிய இடத்தின் அகலம், 85 மி.மீ. முதல் 105 மி.மீ. வரை எல்லாம் வருகிறது. ரோசிங்யோல் எக்ஸ்பீரியன்ஸ் 86-உம் சாலமன் கியூ.எஸ்.டி. 98-உம் ஒரே பிரிவில் அடுக்கப்பட்டிருந்தாலும், ஒரே வேலைக்குச் செய்தவை அல்ல. பெரும்பாலும் குரூமிங் செய்த, அதாவது இயந்திரத்தால் சமப்படுத்திய, கெட்டியான சரிவில் ஓட்டுபவருக்கு 90-க்குள் போதும். புதுப் பனி விழுந்த நாளில் ஓரங்களுக்குப் போகிறவருக்கு 95-க்கு மேல். கெட்டிப் பனியில் 88-ஐயும் 104-ஐயும் அடுத்தடுத்து ஓட்டினால் தெரிவதெல்லாம் அகலம் மட்டுமே. அகலமான ஸ்கீயில் எட்ஜ் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பதால் அதைச் சாய்க்கக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்கின்றன. அது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வித்தியாசம் ஆகாது. ஆகவே 5 மி.மீ. வித்தியாசத்துக்குள் நான்கு ஐந்து மாடல்களைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. அதற்கு மேல் ஒரே நாளில் ஓட்டினால் தொடைகள் களைத்துவிடும், கடைசி இரண்டு ஜோடிகளுக்கு நியாயம் கிடைக்காது.

பூட் சொந்தமானதாக இருக்கட்டும். வாடகைப் பூட்டில் ஸ்கீயை எடைபோடுவது பிறர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது போல. பக்கிள்களை முதல் ரன்னில் எந்தப் பல்லில் மாட்டினீர்கள் என்று நினைவில் வைத்திருங்கள். உள் லைனர் சூடேறியதும் பூட் தளரும். காலையில் இறுக்கமாக இருந்த பூட் பதினொரு மணிக்கு ஒரு பல் கூடுதலாகக் கேட்கும். அதைக் கொடுக்காமல் ஓட்டினால் மூன்றாவது ஸ்கீ ‘தாமதமாகத் திரும்புகிறது’ என்று தோன்றும்.

கூடாரத்தில் பார்க்க வேண்டியது

பூட்டின் ஷெல்லில், குதிகால் பக்கம், அடிநீளம் மி.மீ.யில் அச்சிட்டிருக்கும். 295, 305, 315 என்பது போல. எடை, உயரம், வயது, ஓட்டும் பாணி, இந்த அடிநீளம் ஆகியவற்றை வைத்துத்தான் பைண்டிங் எந்த அழுத்தத்தில் பூட்டை விட வேண்டும் என்ற டின் எண்ணை அட்டவணையில் பார்த்து வைப்பார்கள். நடைமுறை ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தரத்தின்படி. ஓட்டும் பாணியில் மூன்று வகை உண்டு: நிதானமாக ஓட்டுபவர், நடுத்தரம், வேகமாக ஓட்டுபவர். ஐம்பது வயதைத் தொட்டவருக்கு அட்டவணையில் ஒரு வரிசை குறைத்துத்தான் வைக்க வேண்டும். மற்றவை ஒன்றாக இருந்து அடிநீளம் மட்டும் கூடினால் எண் குறையும். வயதையும் எடையையும் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள், முழங்காலின் விஷயம். ஜோடி மாறும்போதெல்லாம் எண் தெரியும் நான்கு ஜன்னல்களிலும், அதாவது பூட்டின் முன்பக்கத்தைப் பிடிக்கும் இரண்டு முனைத்துண்டு, குதிகாலைப் பிடிக்கும் இரண்டு குதித்துண்டு, எண் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வரிசை நீளமான நேரத்தில் ஒரு பக்கம் மாற்றி மறுபக்கம் மறந்துபோவது நடக்கிறது.

பூட்டின் அடி எந்த வகை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கமான ஆல்பைன் அடி ஐ.எஸ்.ஓ. 5355, நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடி ஐ.எஸ்.ஓ. 23223. இரண்டின் முனை வடிவமும் ஒன்றல்ல. சில பைண்டிங்குகள் இரண்டையும் அப்படியே ஏற்கும், சிலவற்றில் முனைத்துண்டின் உயரத்தை மாற்ற வேண்டும், சில கிரிப்வாக்கை ஏற்காது.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம். டெமோ பைண்டிங் தண்டவாளம் போன்ற தடத்தில் நகரும். பூட்டின் பக்கவாட்டில் நடுக்கோடு ஒன்று இருக்கும், ஸ்கீயின் மேல் பரப்பில் நிறுவனம் பரிந்துரைக்கும் கோடு ஒன்று இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். முன்பு எடுத்தவர் 295 பூட் போட்டிருந்து, உங்களுடையது 315 என்று வையுங்கள். அவசரத்தில் குதித்துண்டை மட்டும் 20 மி.மீ. பின்னால் தள்ளினால் பூட் கச்சிதமாக உட்காரும், பைண்டிங்கும் பாதுகாப்பாகத்தான் இருக்கும். ஆனால் பூட்டின் நடு 10 மி.மீ. பின்னால் போயிருக்கும். முன்பகுதி நீண்டு, திருப்பம் தொடங்கச் சோம்பலாகிவிடும். ‘கனமான ஸ்கீ, வளையவே மாட்டேன் என்கிறது’ என்ற குறைக்குப் பலமுறை இந்தப் பத்து மில்லிமீட்டர்தான் காரணம். முனைத்துண்டை 10 மி.மீ. முன்னேயும் குதித்துண்டை 10 மி.மீ. மட்டும் பின்னேயும் நகர்த்தினால் சரியாகிவிடும். தடத்தில் இரு பக்கமும் எண்கள் இருக்கும், இரண்டிலும் ஒரே அடிநீளம் காட்ட வேண்டும். பூட்டை மாட்டியதும் ஒருமுறை கோட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எட்ஜ் பேசும் மொழி

டெமோ ஸ்கீயை ஒரு நாளில் பலர் ஓட்டுகிறார்கள். கல்லில் உரசி வந்த ஜோடி அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். இதற்கு நேர்மாறாக, தொழிற்சாலையில் இருந்து வந்த கூர்மை ஒரு கையும் படாமல் அப்படியே இருப்பதும் உண்டு. இரண்டுமே உங்கள் முடிவைக் குழப்பும்.

ஸ்கீயைத் தோளில் ஏற்றும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். கட்டைவிரல் நகத்தின் மேற்புறத்தை எட்ஜின் குறுக்கே, பாதத்துக்கு நேர் கீழே உள்ள இடத்தில், மெல்ல இழுங்கள். கூர்மையான எட்ஜ் நகத்தில் இருந்து வெள்ளைத் தூள் சுரண்டும். வழுக்கினால் மழுங்கியது. இரண்டு ஸ்கீயின் இரண்டு எட்ஜிலும் செய்யுங்கள். பிறகு ஒரு துண்டு பஞ்சையோ மெல்லிய காகிதத்தையோ எட்ஜ் நெடுகத் தடவிக்கொண்டு போங்கள். பிசிறு இருந்தால் நார் அங்கே மாட்டிக்கொள்ளும். விரலால் தடவ வேண்டாம், வெட்டிவிடும்.

பேஸ், அதாவது ஸ்கீயின் அடிப்பரப்பு, சமமாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நேரான இரும்பு அளவுகோலைப் பேஸின் குறுக்கே நிறுத்தி, ஸ்கீயை வானத்துக்கு எதிராகப் பிடித்து, இடைவெளியில் ஒளி எங்கே தெரிகிறது என்று பாருங்கள். ஓரத்து எட்ஜுகளில் மட்டும் முடியளவு ஒளி கசிந்தால் சரி. அது 0.5 முதல் 1 டிகிரி வரை வேண்டுமென்றே கொடுத்த சாய்வு. நடுவில் ஒளி தெரிந்தால் பேஸ் குழிந்து எட்ஜ் உயர்ந்து நிற்கிறது. அளவுகோல் நடுவில் மேடாக உட்கார்ந்து இரு பக்கமும் ஆடினால் பேஸ் புடைத்திருக்கிறது. முன்பகுதி, பாதத்தின் கீழ், பின்பகுதி மூன்றிலும் பாருங்கள். முன்பகுதி மட்டும் குழிந்திருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது.

பனியில் இவை தரும் உணர்வு வேறு வேறு. எட்ஜ் உயர்ந்த ஸ்கீ திருப்பத்துக்குள் வெடுக்கென்று போகும், வெளியே வர மறுக்கும், பக்கவாட்டில் சறுக்கும்போது தடுக்கித் தடுக்கி இழுக்கும். புடைத்த பேஸ் உள்ள ஸ்கீ நேராகப் போகும்போது காலின் கீழ் நீந்தும். எவ்வளவு சாய்த்தாலும் பிடிப்பு கிடைக்காமல், திடீரென்று ஒரு கட்டத்தில் பிடிக்கும். வெறுமனே மழுங்கிய எட்ஜ் மென்மையான பனியில் எந்தக் குறையும் காட்டாது. பனிக்கட்டி ஏறிய இடத்தில்தான் பாதத்தின் கீழ் வழுக்கும்.

லிஃப்டில் இருந்து இறங்கியதும், முதல் நூறு மீட்டரில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஓரளவு செங்குத்தான, கெட்டியான இடத்தில் சரிவுக்குக் குறுக்கே நில்லுங்கள். ஸ்கீயைத் தட்டையாக்கி ஐந்தாறு மீட்டர் பக்கவாட்டில் வழுக்கவிடுங்கள். பிறகு மெல்ல எட்ஜை ஏற்றி நில்லுங்கள். வழுக்கலும் சீராக, நிற்பதும் சீராக இருந்தால் டியூனிங் சரி. நடுவில் முன்பகுதி சட்டென்று பிடித்து ஸ்கீ மேல்பக்கம் திரும்பப் பார்த்தால், முனையில் பிசிறு. திரும்பிப் போய்ச் சொன்னால், ரப்பர் கல்லால் முனையையும் வாலையும் ஒரு தடவு தடவிக் கொடுப்பார்கள். நீங்களே தேய்க்க வேண்டாம், ஜோடி அவர்களுடையது. குழிவோ புடைப்போ என்றால் அங்கே சரிசெய்ய முடியாது. வேறு ஜோடி கேளுங்கள், இல்லையென்றால் அந்த மாடலைப் பற்றி அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் கோளாறு தெரிந்தால் இடது ஸ்கீயை வலக்காலிலும் வலது ஸ்கீயை இடக்காலிலும் மாற்றிப் போடுங்கள். கோளாறு மறைந்தாலோ மறுபக்கம் போனாலோ எட்ஜின் குற்றம். அதே பக்கத்தில் நின்றால் காலின் அல்லது பூட்டின் குற்றம். இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் இந்தப் பதிலை வேறு எந்த வழியிலும் இவ்வளவு துல்லியமாகப் பெற முடியாது. ஒரே விலக்கு, எலான் ரிப்ஸ்டிக் போன்று இடம் வலம் குறித்துச் செய்த ஸ்கீ. அதில் உள் எட்ஜ் பக்கம் கேம்பர் (நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருப்பது) அதிகம், வெளி எட்ஜ் பக்கம் ராக்கர் (முனையும் வாலும் பனியை விட்டு மேலே வளைந்திருப்பது) அதிகம். மாற்றிப் போட்டால் பிடிக்க வேண்டிய பக்கம் பிடிக்காது. இப்படிப்பட்ட ஜோடியைக் கூடாரத்தில் இருந்து எடுக்கும்போதே இடம் வலம் பார்த்து மாட்டுவது முக்கியம்.

ஒரே சரிவு, ஒரே வரிசை

எல்லா ஜோடியையும் ஒரே லிஃப்ட், ஒரே சரிவில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரன். முதல் ரன் காலுக்குப் பழக்கம், அதில் தீர்ப்பு வேண்டாம். இரண்டாவதில் தொடக்கத்தில் மெதுவான, சறுக்கிப்போகும் திருப்பங்கள் போடுங்கள். நல்ல ஆல்-மவுண்டன் ஸ்கீ நடை வேகத்திலும் சொன்னபடி கேட்க வேண்டும், வேகத்தில் மட்டும் உயிர் பெறும் ஸ்கீ நாள் முழுக்க ஓட்டக் கடினம். அடுத்து எட்ஜில் ஏறி நடுத்தர வளைவுகள். வளைவு தொடங்கும் கணத்தில் முன்பகுதி தானாக இழுத்துச் செல்கிறதா, பாதத்தின் கீழ் உறுதி இருக்கிறதா, முடிவில் வால் பிடித்துவைக்கிறதா அல்லது விட்டுக்கொடுக்கிறதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள்.

ஸ்கீயில் அச்சிட்ட ரேடியஸ் (அதன் ஓர வளைவின் ஆரம்) அது திரும்பும் வட்டத்தின் அளவு என்று எண்ண வேண்டாம். 18 மீட்டர் என்று போட்ட ஸ்கீயைக் கெட்டிப் பனியில் 60 டிகிரி சாய்த்தால் அது ஏறத்தாழ 9 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பும். அந்த எண் அந்த ஒரு நீளத்துக்கே உரியது, அதே மாடலின் குட்டை ஜோடியில் குறைவாக இருக்கும்.

அதன் பிறகு சரிவின் ஓரத்துக்கு வந்து, பலர் ஓட்டிக் கலைத்துக் குவிந்த பனிக்குள் போங்கள். எந்த ஸ்கீ எப்படிப்பட்டது என்பதை இந்த இடம்தான் அதிகம் காட்டுகிறது, இங்கே தாராளமாக நேரம் செலவிடுங்கள். குரூமிங் முடிந்த காலையில், வரிவரியாகக் கோடு போட்ட பனி எல்லா ஸ்கீயையும் நல்லவனாகக் காட்டும். கலைந்த பனியில் ஒவ்வொரு குவியலும் முன்பகுதியை அடிக்கும். நார்டிகா என்ஃபோர்சர் 94 போல இரண்டு முழுத் தகடு டைட்டனல் உள்ள ஸ்கீ அந்த அடியை விழுங்கிக்கொண்டு கோடு மாறாமல் போகும். டைட்டனல் என்பது பெயரில் டைட்டானியம் போல ஒலித்தாலும் அலுமினியக் கலவைதான். அதிர்வை அடக்கவும் முறுக்கு விறைப்புக் கொடுக்கவும் அதை வைக்கிறார்கள். ஃபோல்கல் எம்6 மான்ட்ராவில் அது முழுத் தகடாக இல்லாமல் ஓரங்களை ஒட்டிய சட்டமாக இருக்கிறது. எட்ஜுக்கு மேல் உலோகத்தின் பிடி, நடுவில் மரத்தின் நெகிழ்வு. ஹெட் கோர் 93 போல உலோகத் தகடில்லாத இலகுவான ஸ்கீ காற்றில் திருப்பவும் மேடு பள்ளத்தில் காலை மாற்றவும் சுலபம். ஆனால் அதே குவியலில் முன்பகுதி துள்ளும். இது குறை என்று சொல்லிவிட முடியாது. எடை குறைந்தவருக்கும் மெதுவாக ஓட்டுபவருக்கும் உலோகம் நிறைந்த ஸ்கீ வளையவே வளையாது, அடியை விழுங்கும் குணம் அவர்களுக்குப் பலகையைக் கட்டிக்கொண்ட உணர்வைத்தான் தரும்.

நேராக வேகம் பிடிக்கும்போது ராக்கர் உள்ள முனை படபடவென்று ஆடும். பனியைத் தொடாத முனை ஆடுவது இயல்பு, பார்வைக்குத்தான் பயம். எட்ஜில் ஏறிய பிறகும் அந்த நடுக்கம் பாதம் வரை வந்தால்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்கீ எவ்வளவு வேகமாக வழுக்குகிறது என்பதை மதிப்பிடவே வேண்டாம். அது வேக்ஸும் (மெழுகு) பேஸின் வரிகளும் செய்யும் வேலை.

இப்போது பனியின் கணக்கு. ஒன்பது மணிக்கு ஓட்டிய ஸ்கீயையும் ஒரு மணிக்கு ஓட்டியதையும் நேரடியாக ஒப்பிட முடியாது. வெயில் ஏறிய பனி எட்ஜின் குறையை மறைத்து, நீளத்தின் குறையைக் காட்டும். இதற்கு ஒரே வழி, ஒரு ஜோடியை அளவுகோலாக வைத்துக்கொள்வது. உங்கள் சொந்த ஸ்கீ இருந்தால் அதுவே சிறந்தது. காலையில் ஒரு ரன், நடுவில் ஒரு ரன், கடைசியில் ஒரு ரன் அதில் போங்கள். பனி எவ்வளவு மாறியது, கால் எவ்வளவு களைத்தது என்பதை அது சொல்லிவிடும். கடைசியில் இரண்டு மாடல் மட்டும் போட்டியில் மிஞ்சினால் முதலாவது, இரண்டாவது, மீண்டும் முதலாவது என்று மூன்று ரன் அடுத்தடுத்துப் போடுங்கள். மூன்றாவது ரன்னில் கருத்து மாறுவது அடிக்கடி நடக்கும்.

நீளம்

கூடாரத்தில் கேட்ட நீளம் இருக்காது என்பது கிட்டத்தட்ட நிச்சயம். 180 கேட்டால் 173-ஐ நீட்டுவார்கள். ஒரே மாடலின் இரண்டு நீளங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் பல சமயம் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. குட்டை ஜோடி சுறுசுறுப்பாகத் திரும்பும், வேகத்தில் பதறும். அதை வைத்து ‘இந்த மாடல் பதறுகிறது’ என்று எழுதிவைத்தால் தவறு. நிறுத்தி வைத்த ஸ்கீயின் முனை மூக்குக்கும் தலை உச்சிக்கும் இடையே வருவது தொடக்கக் கணக்கு. முனையிலும் வாலிலும் ராக்கர் அதிகமானால் கெட்டிப் பனியில் தொடும் எட்ஜ் குறைகிறது, அப்போது நீளத்தின் பக்கம் சாயலாம். நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி அளப்பதில்லை. சிலர் பேஸ் நெடுக அளக்கிறார்கள், சிலர் முனைக்கும் வாலுக்கும் இடையே நேர்கோட்டில். அதனால் இரண்டு ஜோடியை முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்திப் பாருங்கள், ஒரே எண் போட்டவை ஒரே உயரத்தில் நிற்காமல் போகலாம்.

சரியான நீளம் கிடைக்கவே இல்லையென்றால், கிடைத்ததை ஓட்டிவிட்டு, அதே இடைவெளியில் வேறு ஒரு மாடலின் இரண்டு நீளங்களையும் ஓட்டுங்கள். 7 செ.மீ. என்ன செய்கிறது என்று காலுக்குத் தெரிந்துவிட்டால், விடுபட்ட நீளத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிக் கொடுத்ததும், நிறுவன ஆளிடமோ நண்பரிடமோ பேசுவதற்கு முன் குறிப்பு எழுதுங்கள். மாடல், நீளம், நேரம், பனி எப்படி, எட்ஜ் எப்படி, பூட் கோடு சரியாக நின்றதா. பிறகு மூன்று வாக்கியம்: வளைவு தொடங்குவது, கலைந்த பனி, மெதுவான வேகம். பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண் மறுநாள் எதையும் நினைவுபடுத்தாது. ‘குவியலில் இடது முனை துள்ளியது, வால் கடைசி வரை பிடித்தது’ என்ற வரி நினைவுபடுத்தும்.

பிடித்த ஜோடி கிடைத்தால் இரண்டு விவரத்தைக் கூடாரத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: பேஸ் பக்கமும் சைடு பக்கமும் எட்ஜ் எத்தனை டிகிரி, பைண்டிங் பரிந்துரைக் கோட்டில் இருந்து எத்தனை மி.மீ. முன்னே அல்லது பின்னே. வாங்கும் கடையில் அதே எண்களைச் சொல்லுங்கள். நிரந்தரமாகத் திருகும் பைண்டிங், தடத்தில் நகரும் டெமோ பைண்டிங்கைவிட இலகு, பெரும்பாலும் உயரமும் குறைவு. ஆகவே வீட்டுக்கு வரும் ஜோடி நீங்கள் ஓட்டியதைவிடச் சற்று எளிதாகச் சுழலும், பனிக்குச் சற்று நெருக்கமாக நிற்கும். பிரேக்கின் அகலம் ஸ்கீயின் இடுப்பு அகலத்துக்குக் குறையாமலும் அதைவிட 15 மி.மீ.க்கு மேல் கூடாமலும் இருக்கட்டும், அதிகமாக நீட்டிய பிரேக் செங்குத்தாகச் சாயும்போது பனியில் உரசும்.